வரி கோணாத எழுத்து

அந்தப் பத்திரிகையை மடக்கி வையும் வே. கல்கத்தாப் பத்திரிகைதானே அது? தூரத்துலயே தெரியுது. மடக்கி வையும். அதைப் பாத்தாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. நானும் பதினோரு வருஷம் அதை வரவழைச்சு வாசிச்சவன்தான். அங்க அச்சாகி, திருநெல்வேலிக்கு வந்து சேர எட்டு நாளாகும். தபால்காரன் கொண்டுவந்து போட்டா எனக்குச் சோறு எறங்காது. கடைசி வரி வரைக்கும் வாசிச்ச பொறவுதான் எலையில உக்காருவேன்.

நீரு எந்த ஊரு? அம்பாசமுத்திரமா? அங்கன யாரு வீடு? சும்மாதான் கேக்கேன். நான் சாதி பாக்கவன் இல்ல, பாக்க மாட்டேன்னு கையெழுத்தே போட்டவன். ஓகோ, கீழத்தெருப் பிள்ளைமாரா? அப்ப நம்மாளுதான். கொஞ்சம் இங்கன நவுந்து உக்காரும். சென்னப்பட்டணத்துல தெரிஞ்ச பிள்ளை வீட்டுல கட்டுச்சோறு கட்டித் தந்திருக்காவ, எலுமிச்சஞ்சோறு. ரயிலு விழுப்புரம் வரட்டும், ரெண்டு பேருமாப் பிரிப்போம்.

என் பேரு குற்றாலிங்கம் பிள்ளை. வக்கீல் குமாஸ்தா. ஆனா ஊருல யாரும் குமாஸ்தான்னு சொல்ல மாட்டாவ. சபைக் காரியதரிசின்னுதான் சொல்லுவாவ. ஞானோதய சபை. கேள்விப்பட்டிருப்பீரே? இல்லையா? நல்லாப் படிச்சீரு போம்.

வங்காளத்துல ஒரு கூட்டம் முழிச்சுக்கிட்டுது வே. கடவுள் ஒருத்தர்தாங்கான். பொட்டப்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கான். தாலியறுத்த சின்னஞ்சிறுசுகளுக்கு மறுகல்யாணம் பண்ணி வைக்கான். அதுக்குச் சர்க்கார்ல சட்டமே வந்து நாப்பது வருஷமாச்சு. நம்ம பக்கம்? ஒருத்தன் அசையணுமே! சட்டம் வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. அதுக்குத்தான் சபை. என் வக்கீல் சண்முகவடிவேலு பிள்ளைதான் அக்கிராசனர். பேருக்குத் தலைவர் அவரு. சோலி பூரா நானு.

நம்ம கிட்ட ஒரு கொறை உண்டு, ஒத்துக்கிடுதேன். என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். நான் எழுதினதை மறுநா நானே வாசிக்க முடியாது. அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன். எனக்கு ஒரே மக. பிரமநாயகி, பிரமுன்னு கூப்புடுவோம். பதிமூணு வயசுல கட்டிக் குடுத்தேன். பதினாலுல திரும்பி வந்துட்டா. மாப்பிள்ளையக் காலரா கொண்டு போயிட்டு. என்ன செய்ய? வெள்ளைச் சேலையோட ரெண்டாங்கட்டுல கெடந்தா. மொட்டையடிச்சேனா? இல்ல! நம்ம சாதியில அந்த வழக்கம் கெடயாது, அது வேற விசயம். ஆனாலும் அடிக்கல பாத்தீரா? ‘எம் மக சும்மா இருக்கப்பிடாது, வங்காளத்துப் பொம்பளைய மாதிரி பேனாவப் பிடிக்கணும்’னு நானே உக்காந்து எழுதப் படிக்கக் கத்துக் குடுத்தேன்.

எழுத்துன்னா எழுத்து, முத்து கோத்த மாதிரி. நான் சபைக் கடுதாசி, பேச்சு, தீர்மானம் எல்லாத்தையும் கிறுக்கி ரெண்டாங்கட்டு மாடக்குழியில வச்சிருவேன். அவ எடுத்து நல்லெழுத்துல ரெண்டு பிரதி எழுதித் திரும்ப மாடக்குழியில வச்சிருவா. ஒண்ணு வெளிய போறதுக்கு, ஒண்ணு சபைக் கட்டுல வைக்கதுக்கு. அஞ்சு வருஷம் இப்படித்தான் நடந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கிட மாட்டோம். பேச என்ன இருக்கு? மாடக்குழி இருக்குல்லா.

மூணு வருஷத்துக்கு முன்னால நிவாரண் பாபுன்னு ஒரு வங்காளி வந்தாரு. ஊரூராப் போயிப் பிரம்ம சமாஜத்துக் கொள்கையப் பேசுதவரு. நான்தான் கடுதாசி போட்டு வரவழைச்சேன், பிரமு எழுத்துல. ரயிலடிக்கு நாயனம், மாலை, எல்லாம் தடபுடல். வக்கீல் வீட்டு மாடியில தங்க வச்சோம். வந்து எறங்கி, மொகங் கழுவி, தாமிரவருணியப் பாத்தாரு. ‘ஆகா, அருமையான ஆறு. இதுல என்ன மீனு கெடைக்கும்? மதியத்துக்கு ரெண்டு துண்டம் போட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லுங்க’ன்னுட்டாரு!

சைவப் பிள்ளைமாரு வீட்டுல, வே! சமையக்காரன் கரண்டியப் போட்டுட்டுப் பின்வாசல் வழியா ஓடினவன்தான், அவனை இன்னும் காங்கல. வக்கீல் வீட்டம்மா மூணு நாள் மாடிப்படி ஏறல. எனக்கு அந்த மனுசன் பக்கத்துல உக்காரவே கூச்சமா இருந்துச்சு. அவரு வாயத் தொறந்து சத்தியம், சமத்துவம்ங்காரு, எனக்கு மூக்குல மீனு நாத்தம் வருது. அவரு அதுவரைக்கும் தின்னது வக்கீல் வீட்டு இட்லிதான், ஆனா நாத்தம் வருது, என்ன செய்யச் சொல்லுதீரு? சபை அவசரமாக் கூடி ரெண்டு மணி நேரம் மீனப் பத்திப் பேசினோம். கடைசியில ‘விருந்தாளியின் ஆகாரத்தைச் சபை கவனிக்கவில்லை’ன்னு தீர்மானம் போட்டோம். பிரமுதான் எழுதினா.

ஆனா பாபு கெட்டிக்காரரு. போறதுக்கு முன்னால, ‘பேசினது போதும், கையெழுத்துப் போடுங்க’ன்னாரு. எட்டுப் பிரதிக்ஞை. நாப்பது அங்கத்தினருக்கும் ஆளுக்கொரு பிரதி வேணும். யாரு எழுதுதது? எம் மக எழுதினா. எட்டாவது பிரதிக்ஞை எனக்கு இப்பவும் மனப்பாடம். ‘என் குடும்பத்தில் கணவனை இழந்த இளம்பெண் மறுமணம் விரும்பினால், அதற்குத் தடை சொல்லேன், நானே முன்னின்று நடத்துவேன்.’ நாப்பது தரம் எழுதினா. நாப்பதாவது பிரதியிலயும் ஒரு வரி கோணல வே! அதைச் சொல்லும்.

அவ அதைப் படிச்சாளான்னு கேக்கீரா? எழுதத்தானே சொன்னேன். எழுதுததை எல்லாம் மனசுல ஏத்திக்கிடணும்னு இருக்கா? நான் கோர்ட்டுக் கச்சேரியில எத்தனை பிராது எழுதுதேன்.

நாப்பது பேரும் கைதட்டலோட கையெழுத்துப் போட்டாவ. பாபு எந்திரிச்சு, ‘சரி, ஒரே ஒரு கல்யாணம் நடத்திட்டு எழுதுங்க. கல்கத்தாப் பத்திரிகையில முதல் பக்கத்துல போடுதேன்’ன்னாரு. முதல் பக்கம்! என் பேரு வரும்லா! ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அப்பதான் கடைசி வரிசையில இருந்து ஒருத்தன் எந்திரிச்சான். மாசிலாமணி. பள்ளிக்கூட வாத்தியாரு, நம்ம சாதிதான், முதல் தாரம் பிரசவத்துல போயிட்டு. ‘நான் தயார். பெண்ணு மட்டும் சபை பாக்கட்டும்’ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான்.

பாபு போயிட்டாரு. பொறவுதான் இவனுக லெச்சணம் தெரிஞ்சுது. வீடு வீடாப் போனேன் வே, செருப்புத் தேய. வக்கீலுக்குத் தங்கச்சி மக இருக்கா, பதினேழு வயசு, வெள்ளைச் சேலை. ‘ஐயா, எட்டாவது பிரதிக்ஞை’ன்னேன். ‘குற்றாலிங்கம், எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல. கோர்ட்டுல எதிர்க்கட்சி வக்கீல் சிரிப்பானே’ன்னாரு. மிராசு வைகுண்டம் பிள்ளைக்கு மருமக இருக்கா. ‘பண்ணலாம், ஆனித் தேரு முடியட்டும். கோயில்ல முதல் மரியாதை நமக்கில்லா வருது’ன்னாரு. ஆனி முடிஞ்சு போய்க் கேட்டா, ‘அடுத்த ஆனியும் வருமில்லா’ங்காரு.

சீ! இதுகளும் மனுசங்களா? மேடையில ஏறினா வங்காளத்துச் சிங்கம், வீட்டு வாசப்படி மிதிச்சா பூனை. எனக்கு அவனுக கையத் தொடவே அருவருத்துப் போச்சு. காறித் துப்பலாம்னு வந்துச்சு. சபையிலேயே சொன்னேன், ‘உங்க வீட்டுப் பொம்பளைப் பிள்ளைய கண்ணீரு உங்களைச் சும்மா விடாது’ன்னு. அந்தப் பேச்சும் பிரமு எழுதினதுதான். ‘கண்ணீர்’ங்கிற எடத்துல மட்டும் மை கொஞ்சம் கலங்கியிருந்துச்சு. மாடக்குழியில தண்ணி ஒழுகுதுபோலன்னு கொத்தனாரக் கூட்டியாந்து பூசச் சொன்னேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தபால் வந்துச்சு. சபைக் காரியதரிசி பேருக்கு, பாளையங்கோட்டை முத்திரை. ஒறையில எழுத்தைப் பாத்தேன். முத்து கோத்த எழுத்து.

‘மகாராஜராஜஸ்ரீ காரியதரிசி அவர்களுக்கு. சபையின் எட்டாவது பிரதிக்ஞைப்படி மறுமணம் விரும்புகிற விதவை ஒருத்தி இவ்வூரில் இருக்கிறாள். வயது பத்தொன்பது. எழுதப் படிக்கத் தெரியும். தக்கது செய்யும்படி கேட்டுக்கொள்கிறாள்.’ அவ்வளவுதான். பேர் போடல.

நீரே சொல்லும், இதை நான் சபையில வைக்க முடியுமா? வச்சா என்ன சொல்லுவானுக? ‘காரியதரிசி தன் வீட்டுக் காரியத்துக்குச் சபையப் பயன்படுத்திக்கிட்டான்’ம்பானுக. பொதுக்காரியத்துல இருக்கவனுக்குக் கை சுத்தமா இருக்கணும் வே. வக்கீல், மிராசு மாதிரி சாக்குச் சொல்லுதேன்னு நெனைக்காதீரும். அவனுக சொன்னது சாக்கு. என்னுது நியாயம். அதுபோக, பேர் போடாத கடுதாசிய ஏத்துக்கிடப்பிடாதுன்னு சபை விதி இருக்கு. நான் எழுதின விதிதான். ஊருல ஒரு பெரிய வீட்டுல என் மச்சினன் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருந்த நேரம் வேற.

அவளக் கூப்புட்டு மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுதது? பெத்த மக. வாய் வருமா? அதான் நாசூக்கா, முறைப்படி செஞ்சேன். சபையில இருந்து ஒரு பதில் கிறுக்கினேன். ‘அம்மணி, தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. சபையின் ஆலோசனையில் இருக்கிறது. ஜனங்களின் மனம் பக்குவம் அடையும் வரை பொறுத்திருக்கவும்.’ கொண்டுபோயி மாடக்குழியில வச்சேன், வழக்கம்போல.

மறுநா காலையில பாக்கேன், ரெண்டு பிரதி இருக்கு. அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல, ஒரு பொட்டு மை சிந்தல. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு வே. எப்பேர்ப்பட்ட பிள்ளையப் பெத்திருக்கேன்னு. ஒண்ண எடுத்துக் கட்டுல வச்சேன். வெளிய போற பிரதிய மாடக்குழியிலயே விட்டுட்டேன். சாயந்திரம் பாத்தா அது இல்ல. சரி, போக வேண்டிய எடத்துக்குப் போயிட்டுன்னு விட்டுட்டேன்.

பொறவு நாலு மாசம் ஒரு கொறையும் இல்ல. வழக்கம்போல எழுதித் தந்தா. என் வீட்டுக்காரி நாச்சியாருதான் ஒரு மாதிரியாப் பாத்துக்கிட்டிருந்தா. அவ பார்வை எப்பவும் அப்படித்தான்.

ஒரு நா காலையில மாசிலாமணி வீட்டுக்கு வந்தான். முன்கட்டுல உக்கார வச்சேன். ‘ஐயா, ஆறு மாசமாச்சு. ஒரு வீட்டுல இருந்தாவது பதில் வந்துச்சா?’ன்னான். ‘எங்க தம்பி, இந்த ஊரு அழுகின ஊரு. ஒரு கடுதாசி கெடயாது’ன்னேன்.

சொல்லி வாய மூடல. கதவுக்குப் பின்னால வளையல் சத்தம் வரும்லா பொம்பளைய வந்தா? இவளுக்கு அதுவும் இல்ல, அதான் வந்ததே தெரியல. முன்கட்டுக்கே வந்துட்டா! அந்நிய ஆம்பளை முன்னால! கையில அந்தப் பிரதி. மாசிலாமணி பக்கத்துல தரையில வச்சா.

‘கடுதாசி வந்துது. எழுதினது நான். பதிலும் வந்துது. அதை எழுதினதும் நான்தான்.’

அவ்வளவுதான் பேசினா. நான் ‘ஏட்டி, உள்ள போ’ன்னேன். போகல. அவன் அந்தக் காயிதத்த ரெண்டு தரம் வாசிச்சான். என்னப் பாத்தான் பாரும், செத்த எலியப் பாக்கத மாதிரி. என்னை! சபைக் காரியதரிசிய! ‘என்ன தம்பி, சபையில கலந்து பேசி…’ன்னு ஆரம்பிச்சேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. அவளப் பாத்து, ‘உங்களுக்குச் சம்மதமா?’ன்னு மட்டும் கேட்டான். ‘விண்ணப்பமே போட்டிருக்கேன்லா’ன்னா.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குப் பட்டணம் போயிட்டாவ. அங்க ஒரு சமாஜத்து வீட்டுல கல்யாணம். துணிமணி கட்டிக் குடுத்தது யாருங்கீரு? என் வீட்டுக்காரி! பாளையங்கோட்டைக்குப் போயி அந்தத் தபாலப் போட்டதும் அவதான்னு பொறவு தெரிஞ்சுது. ‘ஏன்ட்டி இப்படிப் பண்ணினே?’ன்னு கேட்டேன். ‘நீங்கதான் முன்னின்னு நடத்துவேன்னு கையெழுத்துப் போட்டிய. நீங்க நிக்கல, நான் நின்னேன்’ன்னா. அதுதான் அவ என் கிட்டப் பேசின கடைசிப் பேச்சு. ரெண்டு வருஷமாச்சு. சோத்த வைப்பா, கொழம்ப ஊத்துவா, வாயத் தொறக்க மாட்டா. அந்தச் சோறு எப்படி எறங்கும்னு நெனைச்சுப் பாரும்.

சபையிலயா? நான் விடுவேனா? சபையோட அனுமதி இல்லாமக் கல்யாணம் பண்ணினதுக்கு மாசிலாமணிய அங்கத்தினர் பட்டியல்ல இருந்து நீக்கணும்னு நானே தீர்மானம் கொண்டாந்தேன். பெத்த மக புருசன்னும் பாக்கல. முப்பத்தொம்பது பேரும் கைதூக்கினாவ. நேர்மைன்னா அது. தீர்மானத்த நானே என் எழுத்துல எழுதினேன். ஒருத்தருக்கும் வாசிக்க முடியல.

இப்ப எதுக்குப் பட்டணம் வந்தேன்னா, நாச்சியாருக்கு ஒடம்பு சரியில்ல. நெஞ்சுல நீரு கோத்திருக்குங்காரு டாக்டரு. ஒரு மாசம் தாண்டாதுங்காரு. போன வாரம் ரெண்டு வருஷத்துக்குப் பொறவு வாயத் தொறந்து என் கிட்ட ஒரே ஒரு சொல்லு சொன்னா. ‘பிரமு.’ அம்புட்டுத்தான். பொறவு கண்ண வாசப்பக்கமே வச்சுப் படுத்திருக்கா. எனக்கு நெஞ்சு ஆடிப்போச்சு வே. பொய் சொல்லல. ரயிலேறிட்டேன்.

சும்மா போகல. யோசிச்சுத்தான் போனேன். அவ அப்படியே வந்து எறங்கினா ஊரு என்ன சொல்லும்? அதனால அவ பழைய வெள்ளைச் சேலையத் தொவைச்சு மடிச்சு எடுத்துட்டுப் போனேன். புதுசு வாங்கினா அவ மனசு சங்கடப்படும்லா, அதான் பழசே. அவ மட்டும் வரணும், அவன் வரப்பிடாது. வெள்ளையக் கட்டிக்கிட்டு முக்காடு போட்டுப் பின்வாசல் வழியா வந்து, தாயப் பாத்துட்டு, மறுநா ரயிலுக்குப் போயிரணும். யாரு கேட்டாலும், தூரத்துல ஒறமுறைக்காரி வீட்டுல இருந்தான்னு சொல்லிக்கிடலாம். இதுல என்ன தப்பு?

திருவல்லிக்கேணியில சின்ன ஒண்டுக்குடித்தனம். கதவத் தொறந்தா. பச்சைச் சேலை. நெத்தியில குங்குமம். வயிறு வேற, ஆறு மாசம். எனக்குக் கண்ண எங்கன வைக்கன்னு தெரியல. பொட்டப்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுக்காளாம். ‘வாங்கப்பா’ன்னு தண்ணி கொண்டாந்தா. நான் என் கூஜாவுல இருந்து குடிச்சேன். அவ கொண்டாந்த செம்பு அங்கனயே இருந்துச்சு, அதையும் பாத்தா, என்னையும் பாத்தா.

விசயத்தச் சொன்னேன். தாய்க்காரிக்கு முடியலன்னதும் அழுதுட்டா. அப்பதான் சேலைய எடுத்து முன்னால வச்சேன். அழுகை சட்டுனு நின்னுட்டு. ‘வயிறு இருக்கேப்பா’ன்னா. ‘பாதகமில்ல, அகலமான சேலைதான், மூடிக்கிடலாம்’ன்னேன். எந்திரிச்சு உள்ள போனா. பேனா கீறுத சத்தம் கேட்டுச்சு. வந்து ஒரு காயிதத்தக் கையில குடுத்தா. சேலைய மடிச்சு என் பையிலயே திரும்ப வச்சுட்டா.

சரி, விழுப்புரம் வந்துட்டு. பொட்டலத்தப் பிரியும். இந்தாரும், மாவடு. நல்லாக் கையக் கழுவிக்கிட்டு உக்காரும்.

உம்ம கிட்ட ஒரு ஒத்தாசை கேக்கணும்னுதான் இவ்வளவும் சொன்னேன். வெள்ளிக்கிழமை சபைக்கு வருஷக் கூட்டம். என் வீட்டு முன்கட்டுலதான், நாப்பது பேரும் வருவாவ. முப்பத்தொம்பது. மறுமணத்தப் பத்திப் பேசணும்னு நான் ஒண்ணு கிறுக்கி வச்சிருக்கேன், நல்ல காட்டமாத்தான் இருக்கும். எழுதத்தான் ஆளில்ல. ஊரு போய்ச் சேருததுக்குள்ள நல்லெழுத்துல எழுதித் தருவீரா? பள்ளிக்கூடத்து வேலைக்குப் போறேன்னு சொன்னீருல்லா, எழுத்து சுமாரா இருக்கும். ஆனா எனக்குச் சுமாரு ஆகாது. இந்தாரும், மாதிரிக்கு ஒண்ணு காட்டுதேன். என் மக எழுத்து. இந்த மாதிரி வேணும். பாரும், கோடு போடாத காயிதம், ஒரு வரி கோணியிருக்கா? அந்த ‘ழ’வப் பாரும். எழுத்த மட்டும் பாரும் வே, வாசிக்க வேண்டாம். வாசிக்காதீரும்னு சொல்லுதேன்லா, அதுக்குள்ள சத்தம் போட்டு வாசிக்கீரே!

‘ஐயா, தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. தங்கள் மனம் பக்குவம் அடையும் வரை பொறுத்திருக்க அம்மாவுக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். நானும் என் கணவரும். முன்வாசல் வழியாக. பிரமநாயகி.’

ஆமா, பேர் போட்டிருக்கா இந்தத் தடவை. வெள்ளிக்கிழமைதான். அதே வெள்ளிக்கிழமைதான். அதை நெனைச்சா எனக்கு… அது இருக்கட்டும் வே. எழுத்து எப்படி? அதைத்தான் கேட்டேன்.

என்ன, சோத்துல கையே வைக்கல? பிரிச்சது பிரிச்சபடி இருக்கு. மொகம் ஒரு மாதிரியா இருக்கே. கொமட்டுதா? ரயிலு ஆட்டம் சில பேருக்கு ஒத்துக்கிடாது. சரி, அந்த ஜன்னல் பக்கமாப் போயி உக்காரும். போறதுக்கு முன்னால அந்தக் காயிதத்தக் குடுத்துட்டுப் போம். கசக்கிராதீரும் வே, எம் மக எழுத்து அது.